இலைச்சாறு இறங்கிய கண்மாய்

ஆவாரங்கண்மாய் பல வருஷம் காய்ந்துதான் கிடந்தது. திருவாதவூரிலிருந்து மேலூர் போகிற சாலையில், ஆவாரம்பட்டிக்கு மேற்கே, கண்மாய் இருந்த இடம் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. ஒரு கோடையில் ஒப்பந்தக்காரர் ஆள் இறக்கி அத்தனையையும் வெட்டினார். கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்குப் போனது. கிளையும் சுள்ளியும் இலையும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தன. அள்ளுவதற்கு யாரும் வரவில்லை. ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இருந்தது.

கலங்கல் என்றுதான் ஊர் முதலில் நினைத்தது. கலங்கல் என்றால் தெளிய வேண்டும். இது கார்த்திகை போயும் தெளியவில்லை. கையில் அள்ளினால் கண்ணாடிபோல இருந்தது, அழுக்கில்லை, மண்ணில்லை, நிறம் மட்டும் போகவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டால் முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

இந்தத் தண்ணீரைப் பார்த்து ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சத்யப்ரியாதான்.

கண்மாயின் கடைசி மடையை ஒட்டி அவள் புருஷன் அழகுராஜாவின் நிலம். அதில் பச்சை வலைப்பந்தலுக்குக் கீழே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, வண்ணமீன் வளர்த்துக்கொண்டிருந்தாள். கப்பி, ஃபைட்டர், வாளின் கூர்போல வால் நீண்டிருக்கும் வாள்வால் மீன். மதுரைக் கடைகளுக்குப் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்து அனுப்புவாள். அழகுராஜா குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வெளி வாடகை இல்லாத நாளில் அவனே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வருஷமாக உப்பாகிக்கொண்டே வந்தது. மீன்களின் மேல் பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சை பிடித்தது. தினமும் காலையில் செத்து மிதப்பவற்றை வலையால் வழித்து எடுப்பதே அவளுக்கு முதல் வேலையாகிவிட்டது. கண்மாய்த் தண்ணீரைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. ஃபைட்டர் வளர்க்கிறவர்கள் தொட்டியில் காய்ந்த பாதாம் இலையைப் போட்டு ஊறவைப்பார்கள். அந்தப் பழுப்புச் சாறு இறங்கினால் பூஞ்சை அண்டாது. இங்கே ஒரு கண்மாயே அப்படி ஊறிக் கிடக்கிறதே.

கண்மாயில் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அவள் மடைக்குப் பக்கத்து நாணல் மறைவில் குழாயை இறக்கி, தன் தொட்டிகளை நிரப்பிக்கொண்டாள். அழகுராஜாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பலன் உடனே தெரிந்தது. பூஞ்சை உதிர்ந்தது. ஒட்டிக்கிடந்த துடுப்புகள் விரிந்தன. ஃபைட்டர்கள் இதுவரை இல்லாத நீலத்தில் மின்னின. மதுரைக் கடைக்காரர் போன் போட்டு, "என்னம்மா போடுறீங்க, இம்புட்டுக் கலரா வருது?" என்று கேட்டார். சத்யப்ரியா சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

தை மாசத்தில்தான் அவள் அதைக் கவனித்தாள்.

கறுப்புத் தண்ணீரிலேயே பிறந்த வாள்வால் குஞ்சுகளுக்கு வால் நீளவேண்டிய பருவம் அது. நீளவில்லை. குனிந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன, நோய் கிடையாது. ஆனால் பெட்டைகளாகவே இருந்தன. அபூர்வமாகத் தென்பட்ட ஆண்களுக்கும் வாலில் முள்போல ஒரு நுனிதான் துருத்திக்கொண்டிருந்தது. அவை பெட்டைகளைத் துரத்தவில்லை. மூலையில் போய் அசையாமல் நின்றன. அதே தாய்மீன்களின் குஞ்சுகளில் கொஞ்சம், தண்ணீர் மாற்றாமல் விட்டிருந்த பழைய உப்புத் தண்ணீர்த் தொட்டியிலும் கிடந்தன. அவை நோஞ்சானாக, பஞ்சு ஒட்டி, பாதி செத்துப்போயிருந்தன. மிச்சமிருந்தவற்றில் ஆண்களுக்கு வாள் ஒழுங்காக நீண்டிருந்தது.

சத்யப்ரியா ஒரு பாட்டிலில் கண்மாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

அவளோடு கல்லூரியில் விலங்கியல் படித்த முத்துமீனா இப்போது அதே ஊரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தாள். ஆய்வகத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இலை மக்கி இறங்குன சாறுடி. காட்டு ஆறுங்கள்ல, சதுப்புல எல்லாம் இப்படித்தான் இருக்கும். இதை யாரும் கொண்டுவந்து கலக்கலை, இயற்கையே கலந்தது."

"அப்ப நல்லதுதானே?"

"பூஞ்சைக்கு எமன். மீனுக்கு நல்லதான்னு கேட்டா…" முத்துமீனா பாட்டிலைக் கீழே வைத்தாள். "மீனோட உடம்பு இதைச் சாப்பாடா எடுத்துக்காது சத்யா. வேண்டாத சாமானா நெனச்சு வெளியே தள்ளப் பார்க்கும். கொஞ்சமா இருந்தா அந்தப் போராட்டத்துலயே மீன் தெம்பாயிரும். நெறைய இருந்தா உள்ளுக்குள்ள ஏதேதோ மாறும். வாள்வால்ல ஆண் கொறையுறதைச் சில இடத்துல பார்த்து எழுதியிருக்காங்க. ஒன் தொட்டியிலயும் அதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பரிசோதிக்கணும்." பாட்டிலை மறுபடி எடுத்துப் பார்த்துக் கேட்டாள்: "அந்தக் கண்மாயில மீன் விட்டிருக்காங்களா?"

"கருப்பண்ணே குத்தகை எடுத்து கட்லா, ரோகு எல்லாம் விட்டிருக்காரு. நல்லா வளந்திருக்கு."

முத்துமீனாவின் முகம் மாறியது. "வெயில் ஏறுறதுக்குள்ள பிடிச்சிரச் சொல்லு. தண்ணி கறுப்பா இருக்குறதால வெளிச்சம் உள்ள எறங்காது. பாசி பிடிச்சாத்தான் தண்ணிக்குள்ள காத்து ஊறும். இங்க பாசியும் இல்ல, அடியில அம்புட்டு இலையும் மக்கி இருக்குற காத்தையும் தின்னுக்கிட்டிருக்கு. குளிர் காலம்னால தாங்குது. தண்ணி வத்தி, சூடேறி, காத்து வீசாம ரெண்டு நாள் வானம் மூடாப்புப் போட்டுச்சுன்னா, ஒரே விடியல்ல எல்லாம் போயிரும்."

வீட்டுக்கு வந்து சத்யப்ரியா புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காதில் ஏறியது ஒன்றுதான். மறுநாள் டீக்கடையில் கூட்டாளிகளிடம், "மாப்ள, நம்ம கண்மாய்த் தண்ணியில ஆம்பள மீனே பொறக்க மாட்டேங்குதாம்டா" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு கடையோடு நிற்கவில்லை. ஊருக்குக் குடிதண்ணீர் வருவதே கண்மாய்க்குள் இருக்கும் கிணற்றிலிருந்துதான். அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, தெருக்குழாய்க்கு வருகிறது. கொஞ்ச நாளாகக் குழாயிலும் லேசாகப் பழுப்பு தட்டிக்கொண்டிருந்தது. மீனைப் பற்றிய பேச்சு மனுசனைப் பற்றிய பேச்சானது. புதுசாகக் கல்யாணமான வீடுகளில் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். பிள்ளையில்லாதவன் ஒருவனைப் பார்த்து, "எந்தக் கொழாய்லடா குடிச்ச?" என்று எவனோ கேட்கப்போய்க் கைகலப்பாகிவிட்டது. கல்குவாரிக்காரன் ஏதோ மருந்தைக் கொட்டிவிட்டான் என்றார்கள் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர்.

"ஒங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?" என்று சத்யப்ரியா புருஷன்மேல் பாய்ந்தாள்.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் சத்யா. இந்தப் பயலுக இப்படித் திரிப்பாய்ங்கன்னு கண்டேனா?"

"கருப்பண்ணே கிட்டயாவது உண்மையச் சொல்லணும். மீனு போயிருச்சுன்னா அந்தாளு எந்திரிக்கவே முடியாது."

"சொல்லப் போனா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாய்ங்க. மோட்டார் விசயம் வெளிய வரும். பேசாம இரு."

மாசி முழுக்க அவள் பேசாமல்தான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் இறங்கியது. கரையோரம் கறுப்புச் சேறு தெரிந்தது. அதை மிதித்தால் அழுகிய முட்டைபோல வாடை வந்தது. பங்குனி பிறந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. கரைக்குப் போனாள்.

கருப்பு தவிட்டுச் சாக்கோடு தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தார். அவர் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி. இவர் குவாரியில் கல் உடைத்துச் சேர்த்து, முதல்முறையாகச் சொந்தமாக ஒரு குத்தகை எடுத்திருந்தார். அவர் மனைவி முருகம்மாள் கரையில் உட்கார்ந்து வலையின் ஓட்டைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். சத்யப்ரியா முத்துமீனா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தொட்டித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள்.

கருப்பு தவிட்டுச் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தார். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. தவிடு போட்டா முன்னமாரி மேல வர மாட்டேங்குது மீனு. சோகை பிடிச்ச மாரி நிக்கிது."

"இப்பவே பிடிச்சிருங்கண்ணே."

"மடைச்சாமிக்குப் படையல் வைக்காம ஊர்ல வலை எறக்க விட மாட்டாய்ங்களே. சித்திரையிலதான் படையல். கேட்டுப் பாக்குறேன்."

"கேளுங்க. ஆனா…" அவளுக்கு நா கூசியது. "எம் பேரச் சொல்லிராதீங்கண்ணே. மோட்டார் வச்சது ஊருக்குத் தெரிஞ்சா பெரிய ரகளையாயிரும்."

முருகம்மாள் வலையிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

கருப்பு அம்பலக்காரர் நல்லகாமனிடம் போய்க் கேட்டார். ஊர்க் காரியங்களுக்கெல்லாம் அவர் சொல்தான் முடிவு. "சாமிக்கு முன்னாடி ஒனக்கு என்னடா அவசரம்?" என்றார் அவர். "மீனெல்லாம் செத்துரும்யா" என்றார் கருப்பு. "யாரு சொன்னா?" என்று நல்லகாமன் கேட்டபோதும் கருப்பு சத்யப்ரியாவின் பேரை எடுக்கவில்லை. வெறும் கையோடு திரும்பி வந்தார்.

பங்குனிக் கடைசியில் மூடாப்புப் போட்டது. இலைகூட அசையவில்லை. வேர்த்து ஒழுகியது. இரண்டாம் நாள் சாயங்காலம் திடீரென்று இடி இடித்து ஒரு பாட்டம் கோடைமழை அடித்துவிட்டு நின்றது.

விடியும் நேரத்தில் பறவைச் சத்தம் கேட்டுச் சத்யப்ரியா எழுந்தாள். அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஊரையே தூக்குவதுபோலக் கத்திக்கொண்டிருந்தன. கரைமேல் ஏறினாள். காலடியில் ஏதோ நொறுங்கியது. நண்டுகள். கண்மாயைவிட்டு வெளியேறிக் கரைமேல் வரிசை வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன.

சுருங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரின் மேற்பரப்பு முழுக்க வாய்கள். கட்லாவின் அகன்ற வாய், ரோகுவின் சின்ன வாய், ஆயிரக்கணக்கில், மேல்நோக்கித் திறந்து திறந்து மூடின. தண்ணீர் தெரியாத அளவுக்கு வாய்கள். பக்கத்தில் நாரை நின்று கொத்தினாலும் மீன்கள் நகரவில்லை. நகர அவற்றுக்குத் தெம்பில்லை.

கருப்பும் முருகம்மாளும் தண்ணீருக்குள் நின்று பலகையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "காத்துப் போகட்டும், காத்துப் போகட்டும்" என்று கருப்பு பைத்தியம்போலச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

சத்யப்ரியா ஒரு கணம்தான் நின்றாள். பிறகு மடைக்கு ஓடினாள். நாணலுக்குள் மறைத்திருந்த குழாயை இழுத்து வெளியே போட்டாள். மோட்டாரை ஓடவிட்டு, குழாயின் மறுமுனையைத் தூக்கித் தோளில் வைத்து, கண்மாய்த் தண்ணீரையே வானத்தைப் பார்த்து வீசியடித்து மறுபடி கண்மாய்க்குள் விழச் செய்தாள். காற்றில் பட்டு விழும் தண்ணீர் கொஞ்சம் காற்றை எடுத்துக்கொண்டு போகும். குழாய் விழுந்த இடத்தைச் சுற்றி மீன்கள் முண்டியடித்து நெருங்கின. கைக்கெட்டும் தூரத்தில் அவற்றின் கண்கள் தெரிந்தன. கை மரத்துப்போனது. அவள் குழாயை விடவில்லை.

பொழுது கிளம்பும்போது ஊர் கரைக்கு வந்தது. அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: செத்து வெள்ளை வயிறாக மிதக்கும் மீன்கள், அவற்றுக்கு நடுவே மோட்டார் வைத்து, குழாய் வழியாகக் கறுப்பாக எதையோ கண்மாய்க்குள் பாய்ச்சிக்கொண்டிருக்கும் அழகுராஜாவின் பெண்டாட்டி.

யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். யாரோ குழாயை அரிவாளால் வெட்டினார்கள்.

"என்னத்தம்மா உள்ள விட்ட?" நல்லகாமனின் குரல் உயரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அந்தப் பிள்ளை காப்பாத்த வந்துச்சுய்யா" என்று தண்ணீருக்குள்ளிருந்து கருப்பு கத்தினார்.

"நீ சும்மா இர்றா. மீன் சாகும்னு முன்னாடியே வந்து சொன்னவன் நீ. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு சொன்னா?"

கருப்பு பலகையைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் பார்வை சத்யப்ரியாவின் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்காத் தோணுச்சு" என்றார். கூட்டத்திலிருந்து ஒருவன் இறங்கி அவர் சட்டையைப் பிடித்தான். முருகம்மாள் அலறினாள்.

"நாந்தான் சொன்னேன்!" என்றாள் சத்யப்ரியா.

எல்லாவற்றையும் சொன்னாள். திருட்டு மோட்டார், வாள் முளைக்காத மீன்கள், மதுரைக்குக் கொண்டுபோன பாட்டில், மக்கிய இலை, மூச்சுக்காற்று. பேசப் பேச, அது தன் காதுக்கே கட்டுக்கதைபோலக் கேட்டது. இலை போய் மீனைக் கொல்லுமா என்று ஒருவன் சிரித்தான்.

"ஆம்பள பொறக்காத தண்ணின்னு ஒம் புருசன் சொன்னானே, அதுவும் இலையாலதானா?" என்றாள் ஒருத்தி. அழகுராஜா கூட்டத்தின் ஓரத்தில் தலை குனிந்து நின்றிருந்தான்.

"விசம்னு தெரிஞ்சுபோச்சு. யாரு போட்டா, எவன் போட்டான்னு அப்புறம் பாப்போம்" என்றார் நல்லகாமன். "மொதல்ல விசத்த முறிக்கணும். நம்ம பிள்ளைக குடிக்கிற தண்ணி."

மத்தியானத்துக்குள் வண்டியில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கின. சத்யப்ரியா முத்துமீனாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து நல்லகாமனிடம் நீட்டினாள்.

"அதை மட்டும் செஞ்சிராதீங்க ஐயா," என்றாள் முத்துமீனா. "இந்த இலைச்சாறோட குளோரின் சேந்தா புதுசா வேற நச்சு உண்டாகும். இன்னைக்கோ நாளைக்கோ ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்காக் குடிச்சாத்தான் தெரியும். கொஞ்ச நாளைக்கு லாரித் தண்ணி வாங்குங்க. அடியில கெடக்குற இலையை அள்ளுங்க."

"காலையில இந்தப் பிள்ளை விசமில்ல, இலைன்னுச்சு. இப்ப நீங்க விசமாகும்ங்கிறீங்க" என்றார் நல்லகாமன். "எதைம்மா நம்புறது?" போனைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார்.

மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினார்கள். கிணற்றுக்குள்ளும் கொட்டினார்கள். வெள்ளைப் புகைபோல எழுந்த நெடியில் கரையில் நின்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காலைவரை தாக்குப்பிடித்தவை, காற்றை நேராக வாயால் குடித்துப் பிழைக்கும் விரால்மீன்கள், இப்போது சேற்றிலிருந்து துள்ளி வெளியே விழுந்தன. கரையில் நெளிந்து நெளிந்து அடங்கின. கருப்பு அவற்றை எடுக்கப் போகவில்லை. ஈர வேட்டியோடு மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். முருகம்மாள் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

மூன்றாம் நாள் கண்மாய் வெளுத்தது. வரக்காப்பி நிறம் வைக்கோல் நிறமாகி, அதுவும் போய், அடிச்சேறு தெரியும் அளவுக்குத் தெளிந்தது. ஊரே வந்து பார்த்தது. நல்லகாமன் மடைச்சாமிக்குச் சூடம் கொளுத்தினார். விஷம் முறிந்துவிட்டது என்று திருவாதவூர்வரை பேச்சு போனது. கேன் தண்ணீர் வாங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அதிகாரிகள் யாரும் வரவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. கருப்பு மறுபடியும் குவாரிக்குக் கல் உடைக்கப் போனார். ஊர் சத்யப்ரியாவை ஒன்றும் செய்யவில்லை. அவளோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. வெட்டுப்பட்ட குழாய் மடையருகே அப்படியே கிடந்தது. தொட்டிகளில் மிச்சமிருந்த மீன்களை அழகுராஜா, மதுரைக்குப் பக்கத்துப் பரவை ஊரில் வண்ணமீன் வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

சித்திரையில் ஒருநாள் குழாயடியில் குடத்தோடு நின்றபோது சத்யப்ரியாவுக்கு முன்னால் முருகம்மாள் இருந்தாள். அவள் மட்டும்தான் இவளோடு பேசினாள். குடம் நிறைந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மருந்து வாடை கொஞ்சம் அடிக்கிது. ஆனா பாரேன், எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு."

"குடிக்காதீங்கக்கா" என்றாள் சத்யப்ரியா.

முருகம்மாள் அவளை நிதானமாகப் பார்த்தாள். கோபமில்லை. "நீ சொன்னது ஒருதடவ நடந்துச்சு தாயி. அதுக்காக? நீ வேணும்னா கேன் வாங்கிக்கிருவ, எங்களுக்கு ஏது வழி? குடிக்காம என்னத்தக் குடிப்போம்?" இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் நின்ற பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டார்கள். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. சத்யப்ரியா வெறும் குடத்தோடு விலகி வழிவிட்டாள்.